அம்மாவின் பாணி ஏன் வெளிறியது

தம்பி,

வியாழக்கிழமை உன் கலியாணத்துக்கு நான் எம்மன்புரூக்கே மண்டபத்துக்குக் கொண்டு வரப்போகும் மேப்பிள் பாணி, மரச்சாற்றைக் காய்ச்சிய அந்தப் பாகு, நீ கொட்டிலில் விட்டுப் போன பாணியைப் போல இருக்காது. நீ விட்டது பால் விடாத பிளேன்ரீ போலக் கறுத்திருந்தது. நான் கொண்டு வருவது வெளிறியது. அளவும் குறைவு. மண்டபத்தில், மேளத்துக்கும் ஆட்களுக்கும் நடுவில், நீ போத்தலைத் தூக்கி வெளிச்சத்துக்கு நேரே பிடிப்பாய். பிறகு என்னைப் பார்ப்பாய். அந்த இடத்தில் என்னால் ஒன்றும் சொல்ல முடியாது. அதனால் இப்போதே எழுதுகிறேன். தாலி கட்டுவதற்கு முன் வாசித்துவிடு. நீ தாலி கட்டப்போகும் அபிராவும் வாசிக்கட்டும். அவளுக்கும் இதில் ஒரு பங்கு இருக்கிறது.

மகனாக நீ என்னிடம் கேட்டது சின்ன விஷயம். தாலி கட்டியபின் நீங்கள் இருவரும் ஒருவருக்கொருவர் பாலும் பழமும் கொடுக்கும்போது, அந்தக் கிண்ணத்தில் சீனிக்குப் பதிலாக அம்மாவின் பாணி இருக்க வேண்டும். அவ்வளவுதான். அது அம்மா காய்ச்சியது அல்ல. அவள் போனபின், அவள் துளைத்த மரங்களில் இருந்து வடிந்ததை நீ காய்ச்சியது. ஆனாலும் எங்கள் இருவருக்கும் அது அம்மாவின் பாணிதான். இதைக் கேள்விப்பட்டதும் குகன் மாமா எனக்குப் போன் எடுத்தான்.

"அத்தான், உங்களுக்கென்ன விசரோ? செத்தவீட்டுத் துடக்கிலை காய்ச்சின சாமானை மணவறையிலை வைக்கிறதோ? ஐயர் கேட்டா நான் என்ன சொல்லுறது?"

"ஐயரிட்டைச் சொல்லாதை."

"நான் சொல்லாட்டி சனம் சொல்லும். சனத்தின்ரை வாயையும் உங்கடை பாணி வடிக்கிற மிசினிலை வைச்சு இறுக்கேலுமோ?"

உன் அம்மா அவனுடைய அக்கா. அதை அவனுக்கு ஞாபகப்படுத்தினேன். "சரி, கொண்டு வாங்கோ," என்றான். "ஆனா அத்தான், நீங்கள் மணவறைக்குக் கிட்ட நிக்க வேண்டாம். தாய் தகப்பன் இடத்திலை நானும் என்ரை மனிசியும் நிக்கிறம். குறை நினையாதேங்கோ." குறை நினைக்கவில்லை. துணை இழந்தவனை வழக்கம் எங்கே இருத்துமோ அங்கே இருக்கிறேன். முன் வரிசையிலிருந்து எல்லாம் தெரியும்.

ஆக, என்னிடம் மிஞ்சியது ஒரே வேலை. அந்தப் பாணியை வடிப்பது. "அப்பா, நீங்கள்தான் வடிக்க வேணும். எனக்கு ஏலாது," என்றாய். சோம்பல் என்று நினைத்தேன். வேலை, மண்டபம், உடுப்பு என்று அலைகிறாய், நேரமில்லை என்று நினைத்தேன். ஏன் ஏலாது என்று நான் கேட்கவில்லை.

அம்மா இதைத் தொடங்கியது ஒரு கிளை முறிந்ததால். நீ அப்போது சின்ன வகுப்பில். கூர் நகரிலிருந்து மேலே ஏறும் மஞ்சள் பஸ் திரும்பி நிற்கும் இடத்துக்கு மேல், பக்கத்துப் பண்ணைக்கார ரேத்தோவின் புல்வெளி ஓரத்தில் அந்த மேப்பிள் வரிசை. பனிப் பாரத்தில் ஒரு கிளை முறிந்திருந்தது. முறிந்த இடம் சொட்டிக்கொண்டிருந்தது. மரத்தில் இலை இல்லை. நிலத்தில் பனி. எல்லாம் செத்துக் கிடந்த மாதிரியான ஒரு பின்னேரத்தில் அது மட்டும் சொட்டியது. அம்மா கையுறையைக் கழற்றி, விரலில் ஏந்தி, நக்கினாள். "இஞ்சருங்கோ, தண்ணிதான். ஆனா வெறும் தண்ணி இல்லை," என்றாள். அன்றிரவு முழுக்கப் போனில் வீடியோ பார்த்தாள். கனடாவில் யாரோ மரத்தைத் துளைத்து வாளி தொங்கவிடுகிறார்கள். இங்கே யாரும் அப்படிச் செய்து நாங்கள் பார்த்ததில்லை. ரேத்தோ சிரித்துவிட்டு, துளையுங்கள், மரம் தாங்கும், எனக்கு ஒரு போத்தல் தந்தால் போதும் என்றார். குகன் மாமாதான் ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தான்: "எங்கடை அக்கா சுவிஸுக்கு வந்து கள்ளுச் சீவுறா!" அம்மா விடவில்லை. "வாடா, உன்ரை மூக்கிலையும் ஒரு முட்டி கட்டிவிடுறன்."

சாறு காய்ந்து பாணியாகும்போது அதில் ஒரு மண் உருவாகிறது. மரத்துக்குள் இருந்த ஏதோ, தண்ணீர் வற்றியதும் நுண்ணிய மணலாகத் திரளுகிறது. துணியில் ஊற்றினால் அடைத்துக்கொள்ளும். இரண்டு வருடம் அம்மா துணியோடு மல்லுக்கட்டினாள். மூன்றாம் வருடம் பார்சலில் அந்த ஃபில்டர் பிரஸ் வந்தது. மேசையில் வைக்கும் சின்னது. பாண் ரொட்டித் துண்டுகளை நிமிர்த்தி அடுக்கிய மாதிரி அலுமினியத் தட்டுகள். தட்டுக்குத் தட்டு ஒரு காகிதம். எல்லாவற்றையும் நெருக்கிப் பிடிக்க ஒரு திருகு. சூடான பாணியில் ஒரு வெள்ளைத் தூளைக் கலந்து, கைப்பம்பால் உள்ளே தள்ள வேண்டும். தூள் காகிதத்தில் படிந்து ஒரு சுவராகும். கலங்கல் சுவரில் நிற்கும். பாணி மட்டும் மறுபக்கம் வரும். நான் எப்போதும் பக்கத்தில் கதிரை போட்டு இருப்பேன். தொட விடமாட்டாள்.

"அந்தத் தூள் என்ன தெரியுமோ?" என்று ஒருநாள் கேட்டாள். "ஏரியிலை இருந்த சின்னச் சின்ன உயிருகளின்ரை ஓடு. செத்து, அடியிலை படிஞ்சு, மண்ணாப் போனது."

"அப்ப செத்ததுகளுக்குள்ளாலையோ எங்கடை பாணியை விடுறாய்?"

"உயிரோடை இருக்கிறதுகளை நம்பி விடேலுமோ? நீங்கள் குடிச்சு முடிச்சிடுவியள்."

நான் இந்தக் கடிதத்தில் சொல்ல வேண்டியது அவளுடைய 'ம்' பற்றி. உனக்குத் தெரியும். ஆனாலும் சொல்கிறேன், அபிராவுக்குத் தெரியாது. அம்மா பம்பை அடிக்கும்போது நான் கதைத்துக்கொண்டே இருப்பேன். நான் வேலை செய்யும் ஆஸ்பத்திரிச் சமையலறையில் நடந்தது, பஸ்ஸில் பார்த்தது, யார் வீட்டில் யாருக்கு என்ன. அவள் திரும்பிப் பார்க்கமாட்டாள். கைப்பிடி கீழே போகும்போது ஒரு 'ம்'. மேலே வரும், மறுபடி கீழே, ஒரு 'ம்'. முதியோர் இல்லத்தில் நாள் முழுக்க வேலை செய்து பழகிய 'ம்' அது. அங்கே அவளிடம் நாள்முழுக்கக் கதைத்தவர்கள் எல்லோருக்கும் அதையே கொடுத்தாள் போலும். நல்ல 'ம்'. அதைக் கேட்டால் மேலே கதைக்கத் தோன்றும்.

ஒருமுறை நான், "சனிக்கிழமை குகன் குடும்பத்தோடை வாறான், மத்தியானம் சாப்பாட்டுக்கு," என்றேன். ம் என்றாள். சனிக்கிழமை மணி அடித்தது. வீட்டு உடுப்போடு கதவைத் திறந்தாள். வாசலில் குகன், மனைவி, பிள்ளைகள், கையில் வாழைப்பழம். அடுப்பில் ஒன்றுமில்லை. "எப்ப சொன்னனீங்கள்?" என்று என்னைக் கேட்டாள். "நீதானே ம் எண்டனீ!" "நான் எல்லாத்துக்கும்தானே ம் எண்டுறனான்!" குகன் இந்தச் சண்டைக்கு நடுவில் நல்ல பிள்ளையாகச் சாமித்தட்டுக்குப் போனான். அம்மா அந்தத் தூளை ஒரு வெண்கலச் செப்பில் போட்டு, ஈரம் படாமல் இருக்கட்டும் என்று சாமிப் படங்களுக்குக் கீழே வைத்திருந்தாள். அவன் மூன்று விரலையும் முக்கி, நெற்றியில் இழுத்து, கண்ணை மூடிக் கும்பிட்டான். அம்மா பார்த்துவிட்டுச் சிரித்த சிரிப்பு உனக்கு ஞாபகம் இருக்கும், நீ மேசைக்குக் கீழே விழுந்து சிரித்தாய். உனக்குத் தெரியாதது ஒன்று. போகும்போது குகன் என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டான்: "அத்தான், அது என்ன திருநீறு? நெத்தி குளிருது. துடைச்சும் போகுதில்லை." தொட்டுப் பார்த்தேன். வீட்டுக்குள் நாள்முழுக்க இருந்தவனுடைய நெற்றி பனியில் கிடந்த கல் மாதிரி இருந்தது. நான் அதையும் சிரிப்பாக்கிவிட்டேன்.

பிறகு போன வருட மார்ச் மாதம். காலையில் வாளிகளைப் பார்த்துவிட்டு வேலைக்குப் போனவள், வேலை இடத்திலேயே விழுந்தாள். தலைக்குள் இரத்தம். கூர் ஆஸ்பத்திரியில், நான் சமைக்கும் கட்டடத்திலேயே, மூன்று மாடி மேலே. அதற்குமேல் அதை எழுத வேண்டாம்.

தகனம் முடிந்து நாங்கள் மேலே வந்தபோது வாளிகள் நிரம்பி வழிந்துகொண்டிருந்தன. யாரும் எடுக்கவில்லை. பனியில் வழிந்து, ஒவ்வொரு மரத்தின் அடியிலும் ஒரு குழி. ரேத்தோ தொப்பியைக் கழற்றிவிட்டு எங்களோடு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு கிளைகளைக் காட்டினார். மொட்டுகள் வெடித்திருந்தன. முடிந்தது, இனி வராது, வந்தாலும் நாறும், மரங்களில் செருகிய குழாய்களைப் பிடுங்கிவிடு என்றார். நீ பிடுங்கவில்லை. பிடுங்க விடவும் இல்லை. சாறு வந்தது. மொட்டு இலையானபின்னும் வந்தது. நாறவில்லை. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி நடந்த அன்று காலை பார்த்தேன், வாளிகள் காய்ந்திருந்தன. எல்லா மரத்திலும் ஒரே நாளில். ரேத்தோவிடம் சொன்னேன். அவர் அந்த வருடத்துக்கான போத்தலை வாங்க வரவில்லை.

அந்த நாட்கள் முழுக்க நீ கொட்டிலில் காய்ச்சினாய். வீட்டுக்குள் ஆட்கள் வந்து போய்க்கொண்டிருந்தார்கள். ஃப்ரிபூர்க்கில் இருந்து வந்த ஒரு ஆச்சி மூக்கைத் தூக்கி மோந்து பார்த்தார். "செத்தவீட்டிலை ஆர் இனிப்புக் காய்ச்சுறது?" நான் எழும்பி, உன்னை நிறுத்தத்தான் வந்தேன். கொட்டில் கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே ஆவி. உன் முதுகு மட்டும் தெரிந்தது. நீ கதைத்துக்கொண்டிருந்தாய், நீயும் அம்மாவும் கதைக்கும் அந்தக் கலவையில், பாதி தமிழ், பாதி கூர் ஜேர்மன். வேலைக்கு விண்ணப்பித்ததைச் சொன்னாய். அபிரா என்று ஒருத்தி இருக்கிறாள் என்றாய். அந்தப் பெயரை நான் முதன்முதலில் கேட்டது அப்போதுதான், கதவுக்கு வெளியே நின்று. நீ யாரோடு கதைக்கிறாய் என்று நான் கேட்கவில்லை. கேட்கத் தேவைப்படவில்லை. ஆவிக்குள் இருந்து 'ம்' என்று வந்தது.

தட்டில் பாணி கொதித்து ஒரு குமிழி உடைந்திருக்கலாம். அப்படித்தான் எனக்குச் சொல்லிக்கொண்டேன். திரும்பி வீட்டுக்குள் போய், ஆச்சிக்குத் தேத்தண்ணி ஊற்றினேன்.

போன சனிக்கிழமை காலை வடிக்கத் தொடங்கினேன். நல்ல வெயில். கொட்டில் கதவை அகலத் திறந்து வைத்தேன். அவள் செய்ததைப் பார்த்த ஞாபகத்தில் எல்லாம் செய்தேன். தட்டுகளைச் சூடாக்கினேன், குளிர்ந்த தட்டில் பாணி இறுகிவிடும். காகிதத்தில் ஒரு துளி தண்ணீர் படவிடவில்லை. பாணியைக் கொதி வரும் மட்டும் சூடாக்கி, செப்பில் மிச்சமிருந்த தூளைக் கலந்தேன். திருகை இறுக்கினேன். முதலில் வந்தது கலங்கல். அது அப்படித்தான், அதை மறுபடி சட்டிக்குள் ஊற்ற வேண்டும். பிறகு மெல்லத் தெளிந்தது. கறுப்பு, ஆனால் அப்பால் இருப்பது தெரியும் கறுப்பு. சந்தோஷமாக இருந்தது. பழக்கதோஷத்தில் வாய் திறந்து, "பார், எனக்கும் வருது," என்றேன்.

கைப்பிடி கீழே போனது. 'ம்.'

பம்பு வால்வு. வேறென்ன. நான் கையை எடுத்தேன். ஒன்றுமில்லை. ரேத்தோவின் மாட்டு மணி எங்கோ. மறுபடி அழுத்தினேன், பேசாமல். வால்வு சத்தம் கேட்டது, இரும்புச் சத்தம், 'டக்' என்று. அழுத்திக்கொண்டே, "மண்டபம் குகன் பிடிச்சவன்," என்றேன். 'ம்.'

தம்பி, நான் பயப்படவில்லை. அதுதான் எனக்கு இப்போது பயமாக இருக்கிறது. கதிரையை இழுத்துப் போட்டு, உட்கார்ந்து, எல்லாவற்றையும் சொன்னேன். ஒரு வருடத்துக்கு மேலாகச் சேர்ந்திருந்தது. சமையலறையில் புதிதாக வந்த பெடியன் பருப்பைக் கருக்கியது. உன் வேட்டிக்கு மாமி எடுத்த கரை. குகன் என்னை முன் வரிசையில் இருக்கச் சொன்னது. ஒவ்வொன்றுக்கும் 'ம்'. அவளுடைய அதே 'ம்', கொஞ்சம் மூக்கால் வருவது. சட்டி காலியாகிவிட்டது. பாணி எல்லாம் மறுபக்கப் பாத்திரத்தில், தெளிவாக. வேலை முடிந்தது. அந்தச் சூட்டிலேயே திருகைத் தளர்த்தித் தட்டுகளைக் கழற்றிக் கழுவ வேண்டும். அம்மாவின் கண்டிப்பான சட்டம் அது. ஆறினால் கல்லாகிவிடும் என்பாள். நான் கழற்றவில்லை. தெளிந்த பாணியைத் தூக்கி மறுபடி சட்டிக்குள் ஊற்றினேன். அடுப்பை மூட்டினேன். மறுபடி அடிக்கத் தொடங்கினேன்.

எத்தனை தரம் என்று தெரியாது. வெயில் கதவிலிருந்து சுவருக்குப் போய்விட்டது. ஒரு கட்டத்தில் கேள்வி கேட்கத் தொடங்கினேன். "இவன் சந்தோஷமா இருப்பானோ?" 'ம்.' "நான் உன்னை அண்டைக்கு வேலைக்குப் போக விட்டிருக்கக் கூடாது, என்ன?" 'ம்.' அதற்கும் ம். "உனக்கு அங்கை குளிருதோ?" 'ம்.' பிறகு, "நீ எங்கை நிக்கிறாய்?" என்று கேட்டேன். அதற்கு 'ம்' என்று பதில் சொல்ல முடியாது. கைப்பிடியை அழுத்தினேன். சத்தமே இல்லை. வால்வுச் சத்தமும் இல்லை. பாணி நூலாக இறங்குவது மட்டும் தெரிந்தது. பம்பின் அழுத்தமானியில் முள் ஏறிக்கொண்டே போனது. உள்ளே ஏதோ நிறைந்து, இடமில்லாமல், வெளியே வர வழி தேடுவது போல. நான் சட்டென்று, "சரி சரி, விடு. குகன் புதுக் கார் வாங்கியிருக்கிறான்," என்றேன். 'ம்.' முள் இறங்கியது.

அப்போது போன் அடித்தது. அபிரா. ஒலிபெருக்கியில் போட்டுவிட்டு அடித்துக்கொண்டே இருந்தேன்.

"மாமா, சாப்பிட்டாச்சோ?"

"ம்."

"என்ன சாப்பிட்டனீங்கள்?"

"ம்."

"மாமா!" என்றாள். ஃப்ரிபூர்க்கில் பிறந்த பிள்ளை, பிரெஞ்சு ராகத்தில் தமிழ் கதைக்கிறவள், கோபம் வந்தால் அந்த ராகம் கூடும். "ம் எண்டாதேங்கோ. எனக்கு அது விருப்பமில்லை. ம் எண்டா நீங்கள் கேக்கிறியளோ, சும்மா சத்தம் போடுறியளோ எண்டு எனக்கெப்பிடித் தெரியும்? ஒரு சொல்லுச் சொல்லுங்கோ."

என் கை நின்றது. ஒரு சொல் தேடினேன். "பசிக்குது," என்றேன்.

"பாத்தியளே! அப்ப சாப்பிடேல்லை. போய்ச் சாப்பிடுங்கோ. நான் போனை வைக்கேல்லை. நீங்கள் சோத்தைப் போடுற சத்தம் எனக்குக் கேக்க வேணும்."

சாப்பிட்டேன். அவள் அங்கே தன் சேலைக்கு ஊசி குத்திக்கொண்டு, தன் தாயைத் திட்டிக்கொண்டு, என்னோடு இருந்தாள். சாப்பிட்டு வந்து பாத்திரத்தைத் தூக்கி வெயிலில் பிடித்தபோதுதான் பார்த்தேன். காலையில் கறுப்பு. பிறகு எப்போது மாறியதோ. தேன் நிறமாகி, அதையும் தாண்டி, இப்போது வைக்கோல் நிறம். ஒவ்வொரு தரமும் பாணியிலிருந்து கொஞ்சம் எடுக்கப்பட்டிருந்தது. அதிலிருந்து எடுத்துத்தான் அவள் எனக்கு 'ம்' சொல்லியிருக்கிறாள். இன்னும் ஒரு மணித்தியாலம் நான் கதைத்திருந்தால் கிண்ணத்தில் ஊற்ற வெறும் தண்ணீர்தான் இருந்திருக்கும். அபிரா இன்னும் ஒலிபெருக்கியில் இருந்தாள். "என்ன மாமா, பேச்சைக் காணேல்லை?" என்றாள். நான் அடுப்பை அணைத்தேன்.

நீ ஏன் ஏலாது என்றாய் என்று அப்போது புரிந்தது. உனக்குத் தெரிந்திருந்தது. காய்ச்சும்போதே உனக்குத் தெரிந்திருந்தது. அவ்வளவு நாள், தேவைக்கு மேல், அடிப்பிடிக்கும்வரை நீ காய்ச்சியது பாணிக்காக அல்ல. அதனால்தான் அது அவ்வளவு கறுப்பு. ஒருநாள் நீயாகவே எழும்பி வெளியே வந்திருக்கிறாய், அது எப்படி முடிந்தது என்று எனக்குத் தெரியாது. ஒருவேளை உனக்கும் யாரோ போன் எடுத்திருக்கலாம். யார் என்று ஊகிக்கிறேன்.

கலியாணத்துக்குத் தகப்பன் மகனுக்குப் புத்தி சொல்ல வேண்டும் என்பார்கள். எனக்குத் தெரிந்தது கொஞ்சம். அபிரா கதைக்கும்போது 'ம்' கொட்டிவிட்டுப் போகாதே. ஒரு சொல்லாவது சொல். பிழையான சொல்லானாலும் பரவாயில்லை, சண்டை வரும், சண்டையில் அவள் இருக்கிறாள் என்று தெரியும், நீ இருக்கிறாய் என்று அவளுக்கும் தெரியும். உன் அம்மா என்னைக் கேட்டுக்கொண்டிருந்தாளா என்று எனக்குத் தெரியாது. இத்தனை வருடத்துக்குப் பிறகும் தெரியாது. அவள் கேட்கவில்லை என்று நான் நினைக்கவில்லை. ஆனால் அவளிடம் நான் ஒருநாளும் ஒரு சொல் கேட்கவில்லை. 'ம்' போதும் என்று இருந்துவிட்டேன். அது எனக்கு வசதியாக இருந்தது.

இன்னொன்று. போத்தலில் ஒன்றைத் திறக்காமல் வைத்திருக்கப் போவதாக மாமியிடம் சொல்லியிருக்கிறாய். வேண்டாம். கிண்ணத்துக்கு எடுத்ததுபோக மிச்சத்தைப் பந்தியில் பாயசத்தோடு ஊற்றச் சொல். எல்லோரும் குடிக்கட்டும். குகனுக்கு இரண்டு தரம் ஊற்று, அவன் என்ன சொன்னாலும். அந்த வெறும் போத்தல்களைச் சுடுதண்ணீர் விட்டு நான் கழுவுகிறேன். அதை முன் வரிசையில் இருக்கும் ஆள் செய்யலாம். வழக்கம் தடுக்காது. ஒரு துளியும் மிஞ்ச வேண்டாம், தம்பி. மிஞ்சினால் நீ அதனோடு கதைப்பாய். நானும்தான்.

இதை எழுதி முடித்து மூடலாம் என்று இருந்தேன். ஆனால் பிரஸ் அப்படியே கொட்டிலில் இருந்தது, சனிக்கிழமையிலிருந்து, திருகு இறுகியபடி. பாணியிலிருந்து எடுக்கப்பட்டதெல்லாம் அதற்குள்தான் இருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை வேலைக்குப் போகும்போது கொட்டில் பக்கம் பார்க்காமல் நடந்தேன். திங்கட்கிழமை பார்த்தேன், கதவைத் திறக்கவில்லை. அதை அப்படியே ரேத்தோவின் டிராக்டரில் ஏற்றி மாநகரசபைக் குப்பைக்கு அனுப்பலாம் என்றுகூட நினைத்தேன். நீ கலியாணம் முடிந்து அபிராவோடு இங்கே வருவாய். கொட்டிலுக்குள் போவாய். நீ திறப்பதைவிட நான் திறப்பது நல்லது.

இன்று காலை, வேலைக்கு லீவு சொல்லிவிட்டு, திறந்தேன். இரவு உறைபனி விழுந்திருந்தது, மே மாதத்தில் இங்கே சிலவேளை விழும். திருகு கையைக் கடிக்கிற குளிர். கல்லாகியிருக்கும், உளி வேண்டும் என்று உளியோடு போயிருந்தேன். தேவைப்படவில்லை. தட்டுகள் ஒவ்வொன்றாகக் கழன்று வந்தன. காகிதங்களுக்கு நடுவில் அந்தத் தூள் கட்டி, கறுப்பாக, ஈரமாக, ஒரு ரொட்டியளவு. அதைக் கையில் எடுத்தேன்.

சூடாக இருந்தது.

அடுப்பிலிருந்து இறக்கிய சூடு அல்ல. போர்வைக்குள் இருந்து வெளியே எடுத்த கையின் சூடு. மூன்று நாள் கழித்து, அந்தக் கொட்டிலில், அந்தக் குளிரில். நான் ஒன்றும் கதைக்கவில்லை. கேட்கவும் இல்லை. வாசற்படியில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் பொத்தி வைத்திருந்தேன். பஸ் வந்து திரும்பிப் போனது. கொஞ்சம் கொஞ்சமாகச் சூடு விட்டது. முதலில் ஓரங்கள். கடைசியில் நடு.

ஆறியபின் அவளுடைய மேப்பிள் மரத்தடியில் உதிர்த்துவிட்டேன். தட்டுகளைக் கழுவி வெயிலில் வைத்திருக்கிறேன். வியாழன் காலை முதல் ரயிலில் வருகிறேன்.

அப்பா